பெயர் போடாத கட்டுரை

மூக்குப்பொடி டப்பாவின் மேல் உட்கார்ந்திருக்கும் மயில் யாருடைய மயில், கூந்தல் தைலப் புட்டியில் தலையை விரித்துப் போட்டு நிற்கும் பெண் யாருடைய பெண் என்று கோர்ட்டில் வாதாடியே நான் சோறு தின்றேன். ஹைகோர்ட் பார் லைப்ரரியில் எனக்கு 'லேபிள் வக்கீல்' என்று பெயர். நான் உள்ளே நுழைந்தால், "என்னப்பா, இன்னிக்கு மயிலா குயிலா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வயிறு எரியும்.

இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. மற்றவர்கள் பெயரை விடுவதற்குக் காரணம் மரியாதை. என் பெயரை விடுவதற்குக் காரணம் அதுவல்ல. படித்துக்கொண்டு போனால் தெரிந்துவிடும்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் வியாபாரக் குறிகளைப் பதிவு செய்ய இந்த நாட்டில் தனிச் சட்டமே கிடையாது. படத்தை ஒரு தாளில் ஒட்டி, 'இது என்னுடையது' என்று வியாபாரியிடம் பிரமாணம் எழுதி வாங்கி, சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிந்து, பத்திரிகையில் 'எச்சரிக்கை' என்று தலைப்புப் போட்டு விளம்பரம் கொடுப்போம். இதோடு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ பேட்டண்ட் மனுவும் வரும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவன் மட்டுமே அதைச் சில வருஷங்களுக்குச் செய்து விற்கலாம் என்று சர்க்கார் எழுதிக் கொடுப்பதுதான் பேட்டண்ட். அந்த மனு கல்கத்தாவுக்குப் போகவேண்டும்.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. பெரிய வக்கீல்கள் அடமானச் சட்டம் பற்றியும் இந்து சட்டம் பற்றியும் தடிதடியாகப் புத்தகம் எழுதினார்கள். ஜட்ஜுகள் அதைப் புரட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். என் விஷயத்திலும் அப்படி ஒரு புத்தகம் வரவேண்டும், அதை நான்தான் எழுதவேண்டும், என்னைக் கேலி செய்தவர்களின் மேஜையிலேயே அது கிடக்கவேண்டும். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் காலை ரயிலில், மடியில் அட்டையை வைத்துக்கொண்டு குறிப்பு எழுதுவேன். பட்டாபிராமிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வருகிறவர்கள் சீட்டாடும் பெட்டி அது. எனக்கு மட்டும் மூலையில் ஓர் இடம் விட்டுவைத்திருப்பார்கள், ஏதோ பெரிய படிப்பாளி என்று.

ஒரு ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, கட்சிக்காரர் ஒருவரைப் பார்க்கப் பூந்தமல்லிக்கு ஜட்காவில் போனேன். நல்ல மழை. ஊருக்குள் நுழையும் இடத்தில் குதிரை கால் வழுக்கி விழுந்தது. ஜட்காவில் போனவர்களுக்குத் தெரியும், குதிரை விழுந்தால் வண்டியும் முன்பக்கம் சாயும், உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவன் வழுக்கிக்கொண்டு வந்து குதிரையின் முதுகில் விழுவான். நானும் விழுந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குதிரைதான் பாவம், வண்டியிலிருந்து முன்னால் நீளும் இரண்டு ஏர்க்காலுக்கும் நடுவில் வாரில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் உதைத்துக்கொண்டு கிடந்தது. வண்டிக்காரர் கத்தியை எடுத்து வாரை அறுத்தார். அதற்குள் அதன் முழங்காலில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது.

வண்டியில் வளைந்துபோன இரும்பைப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்துவிட்டு வண்டிக்காரர் குதிரையிடம் போய்விட்டார். நான் மழைக்குப் பட்டறையிலேயே ஒதுங்கினேன். கொல்லர் ஒரு முஸ்லிம். என் வயதுதான் இருக்கும். ஊரே அவரை பாய் என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய மனைவியின் தம்பியும் அங்கே இருந்தான். பட்டணத்தில் ஒரு வண்டிக் கம்பெனியில் தோல் வார் தைக்கிற வேலை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தான்.

குதிரையின் முழங்காலைப் பற்றி நான் சொன்னதும் பாய் மச்சினனைப் பார்த்தார். "காட்டலாமா?" என்றார். அவன் தலையாட்டினான். மூலையிலிருந்த கோணிப்பையை விலக்கினார்கள். மரச்சட்டத்தில் இரண்டு ஏர்க்கால், இரண்டிலும் ஒவ்வொரு இரும்புக் கொக்கி, கொக்கியில் வார். இரண்டு கொக்கியிலிருந்தும் ஒரே கயிறு பின்னால் வந்தது.

"இத்த புடிச்சி இழுங்க சார்" என்றார் பாய்.

இழுத்தேன். இரண்டு கொக்கியும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தன. வார் கழன்று கீழே விழுந்தது.

"குதிர எம்மா நேரம் இழுத்தாலும் தொறக்காது சார். இழுக்க இழுக்க இறுகும். வண்டிக்காரன் கயித்த இழுத்தாதான் தொறக்கும். உள்ள ஒரு நாக்கு கீது பாருங்க, அதான் விசயம். வார் தையல் எல்லாம் இவன் வேல."

சின்ன விஷயம்தான். ஆனால் அந்தச் சின்ன விஷயத்தை அதுவரை யாரும் செய்யவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. "வண்டியில போட்டுப் பார்த்தாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல சார். நம்ம வண்டிக்காரங்களுக்குப் போட்டுக் குடுக்கலாம்னு கீறோம்."

அவர் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன். பேட்டண்ட் என்றால் என்ன என்று சொன்னேன். மனு போகும்வரை யாருக்கும் காட்டக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது, ஒரு வண்டியில்கூட மாட்டக்கூடாது என்றேன். வெளியே தெரிந்துவிட்டால் அது புதிது இல்லை, புதிது இல்லையென்றால் உரிமை இல்லை என்றேன்.

"இன்னாத்துக்கு சார் இதெல்லாம்? கொக்கிதானே?" என்று பாய் சிரித்தார்.

மச்சினன்தான் அவரை மடக்கினான். "சார் சொல்றது நெசம் மச்சான். எங்க மேஸ்திரி கண்ணுல பட்டுதுன்னு வெச்சிக்க, மறுநாளே கம்பெனி முத்திர குத்தி வெளிய வுட்டுடுவான். அப்பறம் நீ செஞ்சது இன்னு யாரு நம்புவான்?"

பாய் கோணிப்பையை எடுத்து மறுபடி மூடினார். "சர்க்கார் காயிதத்துல என் பேரு வருமா சார்?" என்று கேட்டார். வரும் என்றேன். அவர் முகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த மனிதருக்கு அதுவரை இல்லாத ஓர் ஆசையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விஷயத்தைச் சுருக்கமாக நாலு பாராவில் எழுதி முதலில் மனுவை அனுப்பிவிடலாம், படமும் முழு விவரமும் பிறகு அனுப்பலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. விவரம் தெரிந்தவன் அதைத்தான் செய்வான். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும். ஆனால் எனக்கு எல்லாவற்றையும் ஒரே தடவையில், கல்கத்தாவில் இருப்பவன் படித்துவிட்டு 'யாரடா இது மதராஸில்' என்று கேட்கும்படி அனுப்ப ஆசை. எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். கொக்கியின் நாக்கை விவரிக்கிற ஒரு பாரா வந்தது. அதற்குமுன் அவ்வளவு நல்ல இங்கிலீஷ் நான் எழுதியதில்லை. ரயிலில் அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். படம் வரைய நானே ஒருவரைப் பிடித்திருந்தேன், பாய்க்கு அவரைத் தெரியாது; அவர் இன்று நாளை என்று இழுத்தடித்தார், நானும் அவரை நெருக்கவில்லை.

அதே சமயத்தில் சட்டப் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கட்டுரையும் எழுதிக்கொண்டிருந்தேன். பட்டறையில் எவனும் செய்கிற சாதாரண மாற்றத்துக்கும் உண்மையான கண்டுபிடிப்புக்கும் என்ன வித்தியாசம் என்பது விஷயம். உதாரணம் ஒன்று வேண்டியிருந்தது. சீமைத் தீர்ப்புகளில் வருவதெல்லாம் நூற்பு யந்திரமும் சைக்கிள் சக்கரமும். நம்மூர் உதாரணமாக இருந்தால் ஜோராக இருக்குமே என்று தோன்றியது. 'ஒரு கிராமத்துக் கொல்லன் இப்படி ஒரு கொக்கி செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம்' என்று ஆரம்பித்து, பாய்க்காக எழுதிய அந்தப் பாராவை அப்படியே தூக்கி அங்கே வைத்தேன். நாக்கு, கயிறு, இறுகுவது, திறப்பது, எல்லாம் ஒன்று விடாமல்.

கட்டுரையை அவர்கள் ஆறு மாதமாவது ஊறப்போடுவார்கள், அதற்குள் மனு போய்விடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். உண்மையில் அப்படிக்கூட நினைத்தேனா என்பது சந்தேகம். அந்தப் பாரா அச்சில் வரவேண்டும் என்பது மட்டும்தான் என் புத்தியில் இருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் பாய் அம்பத்தூருக்கு என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பூந்தமல்லிச் சந்தையருகில் ஒரு ஜட்காக் குதிரை விழுந்து, வாரில் மாட்டிக்கொண்டு உதைத்ததில் கால் முறிந்து, அதைச் சுட்டுவிட்டார்களாம். வண்டிக்காரர் அவருக்கு வேண்டியவர்.

"எங்கிட்ட கொக்கி கீது சார், கோணிப்பைக்குள்ள. வேணாம்னு எனக்கு நானே சொல்லிகினு கீறேன். மனசு ஒப்பல. ஒரு நாலு பேருக்கு மட்டும் போட்டுக் குடுக்கட்டுமா? அவுங்க வெளிய சொல்லமாட்டாங்க."

"கூடவே கூடாது பாய்" என்றேன். "ஒருத்தர் கண்ணுல பட்டாலும் எல்லாம் போச்சு. வாயைக் கட்டுங்க, கையைக் கட்டுங்க, இன்னும் கொஞ்ச நாள்தான்." கண்டிப்பாகச் சொன்னேன், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. என் கட்டுரை அப்போது பத்திரிகை ஆபீஸில் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு, வந்த வழியே நடந்தே திரும்பிப் போனார்.

அடுத்த இதழிலேயே கட்டுரை வந்துவிட்டது. வேறு யாரோ தருவதாகச் சொன்னது வரவில்லையாம், என்னுடையதைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பத்திரிகையில் இப்படிப்பட்ட கட்டுரைகளுக்குக் கீழே பெயர் போடமாட்டார்கள். என் மனைவி வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "உங்க பேரே இல்லியே" என்றாள். "பெரிய பத்திரிகையில் அப்படித்தான்" என்றேன். பெயர் இல்லாதது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. வேறெந்தக் குறையும் கண்ணில் படவில்லை. மனதுக்குள் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தேன். கட்டுரையின் அடிக்குறிப்பில், மனுவுக்கு முன்பே அச்சில் வந்தது எதுவும் புதியது ஆகாது என்று நானே எழுதியிருந்தேன். எழுதினேன், புரூஃப் பார்த்தேன், காற்புள்ளிகூடத் திருத்தினேன். மண்டையில் ஏறவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பாயின் மனுவைக் கல்கத்தாவுக்கு அனுப்பினேன்.

மனுவை ஏற்றுக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. பாய் பட்டறைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாராம். ஆனால் அந்த அறிவிப்புக்குப் பிறகு, யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சில மாதம் அவகாசம் உண்டு. பட்டணத்து வண்டிக் கம்பெனி ஆட்சேபம் போட்டது. இந்தக் கொக்கி மனுவுக்கு முன்பே ஊரறிய அச்சில் வந்துவிட்டது, ஆகவே புதிது இல்லை என்று சொல்லி, அத்தாட்சியை இணைத்திருந்தார்கள். உறையைப் பிரித்தேன். உள்ளே இருந்தது என் பாரா.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அப்போது யாரும் இல்லை, இருந்தும் யாரோ பார்த்துவிட்டதுபோல் அந்தத் தாளைக் குப்புறக் கவிழ்த்தேன்.

கம்பெனியின் வக்கீல் எனக்குத் தெரிந்தவர்தான். மறுநாள் பார் லைப்ரரியில் என் தோளைத் தட்டினார். "உன் கொல்லனை எவனோ ஒரு மடையன் கவிழ்த்துட்டானேப்பா. கதை எழுதற மாதிரி அம்புட்டையும் எழுதி வச்சிருக்கான். எனக்கு வேலையே இல்லாம போச்சு" என்று சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கும் என்னைக் கூனிக்குறுக வைப்பது அந்தச் சிரிப்புதான்.

வழியே இல்லை என்று நினைக்காதீர்கள், வழி இருந்தது. கண்டுபிடித்தவனுக்குத் தெரியாமல், அவன் சம்மதம் இல்லாமல், அவனிடமிருந்தே தெரிந்துகொண்ட ஒருவன் அதை வெளியிட்டிருந்தால், அதனால் மட்டும் அவன் உரிமை போய்விடாது என்று சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. பாய்க்கு அப்படியே பொருந்தும். செய்யவேண்டியது ஒன்றுதான். 'அந்தக் கட்டுரையை எழுதியவன் நான். கட்சிக்காரர் என்னை நம்பிச் சொன்னதை அவரைக் கேட்காமல் அச்சிட்டேன்' என்று நான் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

எழுதவும் செய்தேன். ஒன்றரைப் பக்கம், ஒரு வார்த்தை கூடுதல் குறைவு இல்லாமல். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப்போனேன். கட்சிக்காரனின் ரகசியத்தைப் பத்திரிகையில் போட்ட வக்கீல். அதற்குப்பிறகு எந்த வியாபாரி என்னிடம் வருவான்? லேபிள் வக்கீல் என்று சிரித்தவர்கள் இனி எதைச் சொல்லிச் சிரிப்பார்கள்? புத்தகம் என்ன ஆகும்? பாய்க்கு இப்படியொரு உரிமை இருக்கிறது என்பதே நான் சொல்லித்தானே தெரியும், இல்லையென்றால் அவருக்கு என்ன நஷ்டம் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவு கேவலமாக என் புத்தி வேலை செய்தது. பத்திரத்தை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். கட்டுரையிலுள்ள கொக்கி வேறு, எங்கள் கொக்கி வேறு என்று சப்பைக்கட்டாக ஒரு பதில் எழுதி அனுப்பினேன். மனு தள்ளுபடி ஆனது.

சொல்வதற்குப் பூந்தமல்லிக்கு நானே போனேன். பாய் உலையடியில் இருந்தார். காகிதத்தை நீட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, இருந்தாலும் வாங்கி, தன் பெயர் இருக்கிறதா என்று தேடுவதுபோல் மேலும் கீழும் பார்த்தார்.

"யாரோ இதை முன்னாடியே ஒரு பத்திரிகையில எழுதிட்டாங்க பாய்" என்றேன்.

"இத்தயா? நாக்கு கீக்கு எல்லாமா?"

"எல்லாம்."

"யாரு சார்?"

"பேர் போடலை" என்றேன். அது பொய் இல்லை. வக்கீலுக்கு அவ்வளவு போதும்.

அவர் சம்மட்டியைக் கீழே வைத்தார். பிறகு விரலை மடக்கினார். "தெரிஞ்சது மூணே பேரு. நானு. நீங்க. அவன்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க சொல்லியிருக்கமாட்டீங்க" என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். கொல்லன் எதிரில், ஒரு பட்டறைக்குள், மூன்றாம் மனிதர் யாரும் இல்லாத இடத்தில் சொல்வதற்கு என்ன தைரியம் வேண்டும்? அதுகூட என்னிடம் இல்லை. "அவசரப்பட்டு யாரையும் சந்தேகப்படாதீங்க பாய்" என்று மட்டும் சொன்னேன். அவர் அதை என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

மச்சினன் வேலை செய்வது அதே கம்பெனியில். இதற்குமேல் பாய்க்கு என்ன அத்தாட்சி வேண்டும்? இனி வாசப்படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். பட்டறையில் சட்டத்தோடு இருந்த கொக்கியைப் பிரித்து உலையில் போட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கினேன். மச்சினன் பிளாட்பாரத்தில் எனக்காகக் காத்திருந்தான். இளைத்துப்போயிருந்தான்.

"நா சொல்லல சார். அல்லா மேல ஆணையா சொல்லல. மச்சான் நம்பமாட்டேங்குது. அக்கா அழுதுகினே கீது. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்பும் சார். உங்க மேல அதுக்கு அவ்ளோ மதிப்பு."

அவன் என் காலைத் தொடக் குனிந்தான். நான் பின்னால் நகர்ந்தேன். "குடும்ப விஷயத்துல நான் எப்படிப்பா தலையிடறது?" என்றேன். இதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அவன் பட்டணம் போகும் ரயிலுக்காக எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போனான். நான் வீட்டுக்குப் போய்க் காபி குடித்தேன்.

புத்தகம் வந்தது. நான் ஆசைப்பட்டபடியே தடியாக வந்தது. பெயர் அட்டையிலும் இருந்தது, முதுகிலும் இருந்தது. பிறகு வியாபாரக் குறிகளுக்குத் தனிச் சட்டம் வந்ததும் கிராக்கி இன்னும் கூடியது. ஜட்ஜுகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டார்கள். மயிலா குயிலா என்று கேட்பது நின்றுபோயிற்று. புத்தகத்தில், சம்மதமில்லாமல் வெளியிடுவது பற்றிய அத்தியாயம் மிகத் தெளிவாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். இருக்காதா? அதைப்பற்றி என்னைவிட யார் யோசித்திருப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் புத்தகத்தின் கடைசியில் வக்கீல்கள் பார்த்து எழுதிக்கொள்ள மாதிரிப் பத்திரங்கள் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்று, கட்சிக்காரரின் சம்மதமின்றி வெளியிட்டுவிட்ட ஒருவர் கொடுக்கவேண்டிய பிரமாணம். டிராயரைத் திறந்து அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்து, என் பெயரிருந்த இடத்தில் கோடு போட்டு அச்சுக்குக் கொடுத்தேன். நல்ல வாசகம், வீணாகப் போகவேண்டாம் என்று.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் குறைந்து, ஜட்காக்களுக்கு மறுபடி மவுசு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புகையிலை வியாபாரி ஒருவரைப் பார்க்கப் பூந்தமல்லி போயிருந்தேன். அவர் வீட்டு வாசலில் நிற்கும்போது பிணத்தைச் சுமந்துகொண்டு ஒரு மையத்து ஊர்வலம் தெருவைக் கடந்து போனது. வியாபாரியும் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "நம்ம கொல்லரு பாய் மச்சினன். வண்டிக் கம்பெனில வார் தச்சிகினு இருந்தான். நல்ல புள்ள, சார். நெஞ்சு நோவு" என்றார்.

கூட்டத்தில் பாய் இல்லை. பட்டறைக்குப் போனேன். உலை அணைந்திருந்தது. அவர் தனியாக உட்கார்ந்து, ஒரு லாடத்தை அரம் போட்டுக்கொண்டிருந்தார். அதில் அரம் போட ஒன்றும் இல்லை. தாடி முழுக்க நரைத்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஊட்டுல அங்க போயிருக்கு, தம்பி மூஞ்சியப் பாக்க" என்றார். "நா போல. போவமுடியல சார். இத்தினி வருசம் கழிச்சி எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது?"

நான் உட்காரவில்லை. சொல்லிவிட்டேன். கட்டுரை என்னுடையது, பாரா என்னுடையது, அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தால் காகிதம் உங்கள் பெயரில் வந்திருக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்காக என்மேல் எனக்கே ஒரு நல்ல எண்ணம் வந்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அவர் கோபப்படவில்லை. அரத்தைக் கீழே வைத்தார்.

"காயிதம் கெடக்குது வுடுங்க சார்" என்றார். "பள்ளிவாசல் வாசல்ல எல்லார் எதிர்லயும் அவன் சத்தியம் பண்ணான். எல்லார் எதிர்லயும் நா அவன திருடன்னு சொன்னேன். அவுங்க அத்தினி பேரும் இப்ப அவன் பின்னாடிதான் கபர்ஸ்தானுக்குப் போயிகினு கீறாங்க." எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்கூட மாட்டவில்லை. "வாங்க சார். மண்ணு போடறதுக்குள்ள போயிடலாம். எங்கிட்ட சொன்னத அங்க சொல்லுங்க. அது போதும். வேற ஒண்ணும் வேணாம்."

அந்த ஊர்வலத்தில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். புகையிலை வியாபாரியும் அங்கேதான் இருந்தார். என் புத்தகம் அப்போது இரண்டாம் பதிப்புக்குப் போயிருந்தது.

"எனக்கு ரயிலுக்கு நேரமாயிடுச்சு பாய்" என்றேன்.

"சரி சார், போய்ட்டு வாங்க" என்றார். அப்போதும் சார் என்றுதான் சொன்னார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பு இல்லாமல், ஊர்வலம் போன திசையில் ஓட ஆரம்பித்தார். ஓடுகிற வயது இல்லை அவருக்கு.

நான் சாலைக்கு வந்து ஒரு ஜட்கா பிடித்து ஏறினேன். ஏர்க்கால் இரண்டிலும் கம்பெனி முத்திரை குத்திய கொக்கி இருந்தது. இப்போது எல்லா ஜட்காவிலும் அதுதான். கயிறு என் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதன்மேல் படாமல் காலை ஒடுக்கிக்கொண்டு, வழி முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பூந்தமல்லியில் ரயில் கிடையாது. அது பாய்க்கும் தெரியும். அம்பத்தூரில் என் வீட்டு வாசலில் இறங்கியபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. அன்றைக்கு எங்கேயும் எனக்குப் பிடிக்கவேண்டிய ரயில் இல்லை.